நஸீராவின் கலியாணமும் நாலு சாம்பல் நிறமும்

உங்கள் கையில் இருக்கும் தொலைபேசிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எத்தனை கோடி நிறங்கள்! மாம்பழத்தின் படத்தைத் திறந்தால் மணம் மட்டும்தான் வரவில்லை. இந்தத் திரைக்கு எத்தனை நிறம் வேண்டும் என்று நீங்கள் யாரிடமும் கேட்பதில்லை. நாங்கள் கேட்க வேண்டியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கணினியான கைக்கருவிக்கு நிரல் எழுதும்போது, தொடக்கத்திலேயே "எனக்கு இத்தனை நிறம் தா" என்று ஒரு வரி எழுதுவோம். நிற ஆழம் என்று அதற்குப் பெயர். இரண்டு நிறம், நாலு நிறம், இருநூற்றைம்பத்தாறு நிறம் என்று படிப்படியாகப் போகும். ஆழம் கூடினால் அழகு கூடும், பற்றரி சீக்கிரம் தீர்ந்துபோகும். பாடம் இவ்வளவுதான். மீதியைப் புத்தகத்தில் பாருங்கள், எனக்கு அதில் பொறுமை இல்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு வரியில் ஒரு கலியாணமே தொங்கி நின்ற கதையை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் "எங்கட செயலி எல்லாக் கருவியிலும் ஓடுது ஐயா" என்று மார்தட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். ஓடுவது பெரிய காரியமில்லை, ஓடும்போது உண்மை பேசுகிறதா என்று பாருங்கள் என்பேன். கிழவன் தொடங்கிவிட்டான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சண்டை ஓய்ந்து, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-ஒன்பது பாதை திறந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கிய காலம் அது. பிறகு வந்த வருடங்களைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணில் ஆசையோடு கலியாணங்களும் நடந்தன என்பதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும்?

நான் அப்போது கிளிநொச்சியில், ஊர் திரும்புகிறவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன். கண்ணிவெடி அகற்றும் அணிகள் தாங்கள் துப்புரவாக்கிய இடங்களின் அளவுகளை எங்களுக்குத் தருவார்கள். நாங்கள் அவற்றை வரைபடமாக்கிக் கைக்கருவியில் ஏற்றி, ஊர் ஊராகப் போய்க் காணிக்காரர்களுக்குக் காட்டுவோம். சிவப்பு என்றால் கால் வைக்காதே. பச்சை என்றால் வீட்டைக் கட்டு. எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும் என்று நாங்கள் மெச்சிக்கொண்ட ஏற்பாடு அது.

என்னோடு வெளிவேலைக்கு வந்தவள் கௌரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் குடியேறிய வயல்காரக் குடும்பத்துப் பெண். வாய் ஓயாது, கையும் ஓயாது. ஜீப்பில் போகும்போது கைக்கருவியில் இருந்த சீட்டு விளையாட்டை விளையாடிக்கொண்டே வருவாள். தோற்றால் கருவியைத் திட்டுவாள், வென்றால் எனக்குக் கதை சொல்லுவாள். முதலில் வரைபடத்தில் இருந்தது இளம்பச்சை. வன்னி வெயிலில் அது வெளிறிப்போய், வெறும் இடம்போலத் தெரிந்தது. கௌரிதான் மாற்றச் சொன்னாள்.

"கதிர் வாறதுக்கு முந்தி வயல் நிக்குமே அண்ணை, கருகருவெண்டு. அந்தப் பச்சை வேணும். அதைப் பாத்தாத்தான் எங்கட சனத்துக்கு நெஞ்சு குளிரும்."

அவள் சொன்னது சரி. கலர்த் திரையில் அந்தப் பச்சை கொள்ளை அழகாக இருந்தது. காணிக்காரர்கள் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

இப்போது ஹனீபா நானாவிடம் வருவோம். முஸ்லிம் சனத்தில் மூத்தவரை நானா என்போம். முல்லைத்தீவில் தண்ணீரூற்றுப் பக்கம் அவருடைய காணி. ஒரு காலத்தில் அங்கே புடைவைக் கடை வைத்திருந்தவர். வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் முகாம் கொட்டிலில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். மகள் நஸீரா புறப்பட்டபோது ஏழெட்டு வயதுப் பிள்ளை. குடும்பத்தில் மற்றப் பெண்களுக்கெல்லாம் முகாமில்தான் கலியாணம் நடந்தது. என் மகளுக்கு என் முற்றத்தில்தான் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். தனியாக முன்னால் வந்து, தகரம் போட்டு ஒரு வீட்டையும் நிமிர்த்திவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் புத்தளத்தில் இருந்தார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் பயந்த மனிதர்கள். வெடி கிடக்கும் ஊருக்குப் பெண்டு பிள்ளைகளோடு எப்படி வருவது என்று கேட்டார்கள். காணி சரி என்று பொறுப்பானவர்கள் சொன்னால் வருகிறோம், இல்லாவிட்டால் கலியாணம் புத்தளத்தில் ஒரு மண்டபத்தில் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலை எடுத்துப்போக ஒரு வான் வண்டி வந்து நானாவின் வேலிப் படலையடியில் நின்றது. அது போய்ச் சொன்னால்தான் சமையல்காரருக்கும் சொந்தத்துக்கும் சொல்லி ஆயத்தப்படுத்தலாம்.

அந்த நாள் பார்த்து எங்கள் கலர்க் கருவிக்கு மின்னேற்ற முடியவில்லை. அலுவலக ஜெனரேட்டர் படுத்துவிட்டது. பரவாயில்லை என்று பழைய கருவி ஒன்றை எடுத்தோம். கடையில் வாங்கும் சிறு பற்றரி போட்டாலே நாட்கணக்கில் ஓடும். திரையில் கலர் இல்லை, வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் நாலு சாம்பல் நிறம் மட்டும். எங்கள் வரைபட நிரல் அதிலும் ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியின் பள்ளங்களில் துள்ளித் துள்ளிப் போனபோது, கௌரி அதிலும் சீட்டு விளையாடிக்கொண்டே வந்தாள்.

நானா படலையிலேயே காத்திருந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் தொப்பி, கையில் மண்வெட்டி.

"வாங்கோ தம்பி, வாங்கோ தங்கச்சி. உங்கட சிலேட்டு என்ன சொல்லுது? எங்கட பக்கம் அநேகமா முடிஞ்சுது எண்டு வெடி எடுக்கிற பொடியள் போன மாசமே சொன்னவங்கள். நீங்க ஒரு சொல் சொன்னாப் போதும், வானை அனுப்பிப்போடுவன்."

நான் முற்றத்தில் நின்று வரைபடத்தைத் திறந்தேன். காணி முழுவதும் ஒரே நிறமாக, அழுக்கில்லாத சாம்பலாக இருந்தது. ஒரு திட்டுக்கூட வேறாக இல்லை. எட்டிப் பார்த்த நானாவின் முகம் மலர்ந்தது.

"எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. அப்ப எல்லாம் சரிதானே?"

வான் சாரதி ஹோர்னை அழுத்தினார். "அண்ணே, ஓமந்தைச் சாவடி மூடினா நான் றோட்டுலதான் படுக்கணும்! சீக்கிரம் சொல்லுங்க!"

வாய்வரைக்கும் "ஓம்" வந்துவிட்டது. மனிதர் பத்து வருடம் காத்திருந்த சொல் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்லத் தோன்றாது. நல்லகாலம், நான் திரையில் வரைபடத்தை ஒரு தடவை பக்கவாட்டில் நகர்த்திவிட்டேன். வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு பனங்காணி. அங்கே சிவப்புத் தலைத் தடிகள் வரிசையாக நிற்பது எங்கள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அது இன்னும் துப்புரவாக்காத நிலம், குழந்தைக்கும் தெரியும். திரையில் அதுவும் அதே சாம்பல்.

வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். நிரல் வழக்கம்போல "இருநூற்றைம்பத்தாறு நிறம் தா" என்று கேட்டிருக்கிறது. பழைய கருவி, "என்னிடம் இல்லை" என்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைக் கேட்க நிரலில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. பல பேர் கைபட்ட நிரல் அது, யார் விட்டது என்று தேடுவதில் பயனில்லை. கருவி தன்னிடமுள்ள நாலு சாம்பலை வைத்துச் சமாளித்துவிட்டது. சாம்பலாக்கும்போது அது நிறத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, எவ்வளவு வெளிச்சம் என்றுதான் பார்க்கும். எங்கள் சிவப்பும் கௌரியின் கருகரு வயல் பச்சையும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். பழைய இளம்பச்சை இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. வயலை நேசித்த குற்றத்துக்கு இப்படி ஒரு தண்டனை!

"நானா, எனக்கு இப்ப தெரியாது" என்றேன். "வானைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ."

"தெரியாதா? சிலேட்டுக் கையில கிடக்கு, தெரியாது எண்டுறீங்க?"

"சிலேட்டு பொய் சொல்லுது நானா."

அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களுக்கு வரப்போகும் மிகக் கஷ்டமான நேரம் இதுதான். நிரல் நின்றுபோகும் நேரமல்ல. அது நல்லாக ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது, நீங்கள் மட்டும் "தெரியாது" என்று சொல்லவேண்டிய நேரம். வெடி அகற்றும் அணி அந்த வாரம் பளைப் பக்கம் போயிருந்தது. கேட்க ஒரு தொலைபேசியும் இல்லை. நிலத்தின் அளவுகள் சரியாகக் கருவிக்குள் இருந்தன. திரைதான் அவற்றைக் காட்டத் தெரியாமல் நின்றது.

ஜீப்பில் மடிக்கணினி இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரம் எடுத்து, முன் இருக்கையில் உட்கார்ந்தேன். முதலில் தோன்றியது, நாலு சாம்பலில் இரண்டைத் தெரிந்து, பச்சைக்கு ஒன்று சிவப்புக்கு ஒன்று என்று கொடுக்கலாம் என்பது. ஆனால் அந்த வெயிலில் கடும் சாம்பலும் மெல்லிய சாம்பலும் யாருக்கு விளங்கும்? நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது கருவியில் கௌரி பாதியில் விட்ட ஆட்டம் கண்ணில் பட்டது. சீட்டுச் சின்னங்களான சிவப்பு ஆட்டினும் கறுப்பு ஸ்கோப்பனும் ஒரே கறுப்பாகத்தான் இருந்தன. ஆனாலும் அவள் காலையிலிருந்து ஒரு பிழையும் விடாமல் விளையாடியிருக்கிறாள்!

"கௌரி, கலர் இல்லாமல் எப்படி உனக்குச் சீட்டுத் தெரிஞ்சது?"

"இதென்ன கேள்வி அண்ணை? ஆட்டின் நெஞ்சு மாதிரிக் கிடக்கும், ஸ்கோப்பன் வாலோட கிடக்கும். கலரை ஆர் பாத்தது?"

சீட்டுக்கட்டைச் செய்த புண்ணியவானுக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். நிறம் போனாலும் உருவம் நிற்கும் என்று அந்த மனிதன் எப்போதோ யோசித்திருக்கிறான். நாங்கள் கருவியும் கையுமாகத் திரிந்தும் யோசிக்கவில்லை.

பிறகு வேலை ஓடியது. அழகை எல்லாம் கழற்றினேன். திரையிடம் கேட்டது இரண்டே நிறம், கறுப்பும் வெள்ளையும். கேட்டது கிடைத்ததா என்று பதிலையும் பார்த்தேன். துப்புரவான நிலம் வெறும் வெள்ளை. துப்புரவாகாத நிலம் முழுக்கச் சரிந்த கறுப்புக் கோடுகள், பாய்ப் பின்னல்போலத் தடிப்பாக. கண்ணாடி இல்லாதவருக்கும் நடு வெயிலில் தெரிய வேண்டும் என்று கோடுகளை இன்னும் தடிப்பாக்கினேன்.

இதற்கிடையில் பின்னால் சத்தம் கேட்டது. பொறுமை இழந்த நானா, சும்மா நிற்கிற நேரத்துக்கு அடுப்புக் கிடங்காவது வெட்டலாமென்று மண்வெட்டியோடு கிணற்றுக்குப் பின்பக்கம் புறப்பட்டிருக்கிறார். பலர் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சகன் சாப்பாட்டுக்குப் பெரிய கிடாரங்கள் ஏற்ற வேண்டும், குழி ஆழமாக வேண்டும், கல்லெல்லாம் கிணற்றடியில் குவித்து வைத்திருந்தார். கௌரி குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

"நானா, மண்வெட்டியைத் தாங்கோ."

"தங்கச்சி, இது என்ரை காணி."

"ஓம், உங்கட காணிதான். ஆரும் எடுத்துக்கொண்டு போகேல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

அவள் மண்வெட்டியை வாங்கி, நிலத்தில் போட்டு, அதன் பிடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பிவிட்டு எடுக்க நானாவுக்கு மரியாதை விடவில்லை. கோபத்தில் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வான் சாரதி ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கருவியில் புது நிரலை ஏற்றியதும் நான் நேரே முற்றத்துக்கு ஓடவில்லை. விடை ஏற்கெனவே தெரிந்த இடத்தில்தான் முதலில் பார்த்தேன். நாங்கள் நின்ற வீதி வெள்ளையாக இருந்தது. எதிர்ப் பனங்காணி முழுக்கக் கோடு. சரி, இப்போது இது உண்மை பேசுகிறது. பிறகுதான் நானாவின் காணிக்குத் திருப்பினேன்.

முன்பக்கம், வீடு, முற்றம், கிணறு எல்லாம் வெள்ளை. கிணற்றுக்குப் பின்னால் தொடங்கி வேலிவரைக்கும் ஒரு பட்டை, கறுப்புக் கோடாகக் கிடந்தது. அடுப்புக் கிடங்கு வெட்ட நினைத்த அதே இடம்.

கௌரி ஜீப்பின் கூரையில் ஏறி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் நாயுண்ணிப் பற்றை ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது.

"அண்ணை, பற்றைக்குள்ள சிவப்புத் தலை தெரியுது! ஒண்டில்லை, வரிசையா நிக்குது!"

கௌரி கீழே இறங்கி மண்வெட்டியை எடுத்து நீட்டியபோது நானா இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு கருவியை வாங்கி, வெள்ளை எது கோடு எது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அப்ப பந்தல் போடலாம்?"

"போடலாம் நானா. வெடி எடுக்கிறவை பளையால வந்தவுடன கூட்டிக்கொண்டு வாறன். அவையும் ஒருக்காப் பாத்துச் சொல்லட்டும். எனக்குச் சந்தேகமில்லை."

அவர் வானடிக்குப் போனார். "கலியாணம் இங்கதான் எண்டு சொல்லு. கிணத்துக்குப் பின்னால மட்டும் இன்னும் சரியில்லை, அதால சமையல் றோட்டுப் பக்கம் எண்டும் சொல்லு."

"அதையும் சொல்லணுமா?" என்றார் சாரதி. "பயந்துருவாங்களே!"

"சொல்லு. ஒண்டையும் ஒளிக்காமச் சொல்லு."

வான் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. ஓமந்தைச் சாவடி மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தது என்று பின்னர் அறிந்தோம். திரும்பி வரும் வழியில் கௌரி சீட்டைத் திறந்துவிட்டு என்னைத் திட்டத் தொடங்கினாள். என் நிரல் முடியும்போது பழைய நிற ஆழத்தைத் திருப்பி வைக்காமல் போயிருந்தது. ராசா ராணியெல்லாம் மைக்கறையாகக் கிடந்தார்கள். இரவல் எடுத்த கதிரையை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், நிற ஆழத்தையும் அப்படித்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெடி அகற்றும் அணி வந்து பார்த்தது, பற்றையை வெட்டித் தடிகளைத் தெரியும்படி நட்டுவிட்டுப் போனது. அடுத்து வந்தது கலியாணம்.

புத்தளத்துப் பஸ் வீதி முனையில் நின்றது. இறங்கிய மாப்பிள்ளை வீட்டார் பட்டும் சரிகையுமாக, ஒருவர் வைத்த அடியில் அடுத்தவர் அடிவைத்து, ஒற்றை வரிசையில் பூனைபோல நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே! முன்னால் மாப்பிள்ளையின் வாப்பா, கடைசியில் தட்டுகளைத் தலையில் வைத்த பெண்கள். வீதியில் சைக்கிளில் போன சனம் எல்லாம் அவர்களுக்கு நடுவால் மணியடித்துக்கொண்டு போனது. கௌரி சிரிப்பை அடக்க முடியாமல் ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்தாள்.

சமையல் வீதியோரத்தில் நடந்ததால் பிரியாணி வாசம் ஊருக்கே அழைப்புச் சொல்லிவிட்டது. பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டினார்கள். நானா ஒருவரையும் விடவில்லை, மறித்து மறித்து இறக்கினார். வெடி அகற்றும் பொடியன்கள் ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்து, சோற்றுக்குள்ளிருந்த இறைச்சியை மிக நுட்பமாகத் தேடி எடுத்தார்கள். எத்தனையோ கலியாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் சரி எண்டு மட்டும் வான்காரன் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டன் தம்பி. எந்த இடம் சரியில்லை எண்டும் சொன்னான். அப்பதான் எனக்கு மற்ற இடத்தில நம்பிக்கை வந்தது." என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பின்பக்கப் பட்டையை அணி துப்புரவாக்கி முடிக்க இன்னும் காலம் எடுத்தது. முடித்த அன்று எங்களைக் கூப்பிட்டார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தைக் கையளிக்கும்போது, வேலை செய்தவர்களே முதலில் அதன்மேல் கைகோத்து நடந்து காட்டுவார்கள். பிறகுதான் காணிக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு வேலிவரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார்கள். நான் புது அளவுகளை ஏற்றிய பழைய கருவியை நானாவின் கையில் கொடுத்தேன்.

அவர் திரையைப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கோடும் இல்லையே தம்பி. பற்றரி முடிஞ்சுதோ?"

"பற்றரி இருக்கு நானா. உங்கட காணிதான் இப்ப அப்பிடி."

அவர் கருவியை என்னிடம் திருப்பித் தந்தார். நஸீரா பிறந்து சில நாளேயான மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். பேரனுக்கு முடியிறக்கி விருந்து கொடுக்கும் நாள் அது. நானா அவளிடம், "இனி வரலாம் மகள்" என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்த மண்ணில் இறங்கினாள். நானா மண்வெட்டியை எடுத்து, சாரத்தை மடித்துக் கட்டி, அடுப்புக் கிடங்கை வெட்டத் தொடங்கினார்.